ஒருத்தரும் தின்னாத செடி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தால், பிள்ளைகளின் படிப்பு, முதுகு நோ, யாருக்கு முதலில் நரைத்தது என்பதெல்லாம் பேசி ஓய்ந்தபின், கதை எப்படியும் நாம் வளர்ந்த வீடுகளில் வந்து நிற்கும். நீங்கள் நகரத்துக்குள்ளே பார்க் எக்ஸ்டென்ஷன் அப்பார்ட்மென்டுகளின் கரப்பான்பூச்சிகளையும், மேல்வீட்டுக்காரர் தும்மினால் கீழே கேட்பதையும் சொல்லிச் சிரிப்பீர்கள். நான் வாய் திறந்தால் போதும், "உனக்கென்ன, நீ வளவு வைச்ச வீட்டிலை வளர்ந்தனீ" என்று அடக்கிவிடுவீர்கள். உண்மைதான். நகரத்துக்கு வெளியே லொங்குய்யில், வீட்டைச் சுற்றி மண்ணும் வேலியுமாக எங்களுக்கு வளவு இருந்தது. அந்த வளவில் நின்ற ஒரு செடியைப் பற்றி உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்வதற்கு எனக்கே அது முழுதாக விளங்கியிருக்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் நம்பத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு ஒன்பது பத்து வயது. அப்பா மஞ்சள் நிறத் தடத்தில் ஓடுகிற மெற்றோ ரயிலின் கடைசித் தரிப்பிடத்துக்கும் அப்பால், இன்னுமொரு பஸ் எடுத்துப் போகிற தூரத்தில், மாடியில்லாத, தட்டையான ஒரு பங்களா வீட்டை வாங்கினார். நகரத்தைச் சுற்றியோடுகிற ஆற்றைக் கடந்து போய்விட்டோம் என்பதால் சொந்தக்காரர்கள் எங்களை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களைப் போலத்தான் நடத்தினார்கள். வீட்டுக்குள் முன்பிருந்தவர்களின் சிகரெட் மணம் கம்பளத்தில் ஊறிக் கிடந்தது. மழை பெய்தால் மட்டும் பின்பக்க வேலி மரங்களிலிருந்து பென்சில் சீவிய மணம் வரும். அந்த மணத்துக்காக நான் குசினி யன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஏச்சு வாங்குவேன்.

அப்பா முதல் வேலையாகப் புல்லைக் கொத்திப் புரட்டினார். கத்தரி, பச்சைமிளகாய், பயிற்றை எல்லாம் நட்டார். அவை முளைத்து நாலு இலை விட்டதும் வேலிக்குக் கீழிருந்து ஒரு மர்மொத் வந்தது. உங்களில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். கொழுத்த பூனையளவு இருக்கும், அணிலின் முகம், தோட்டத்துக்குச் சொந்தக்காரன் போன்ற நடை. அது பயிற்றங் கொடிகளை ஒரு காலையில் தின்று தீர்த்தது. அப்பா மிளகாய்த்தூள் தூவினார். பழைய பாட்டுக் கசெட்டுகளின் நாடாவை உருவிக் கட்டினார். மர்மொத் நாடாவுக்குக் கீழால் குனிந்து வந்து தின்றது. "இவன் இஞ்சத்தை ஆள். நாங்கள்தான் வந்தேறியள்" என்று அப்பா கடைசியில் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டார்.

அந்த வளவுக்குள் சித்தி எப்படி இறங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். சித்தி அம்மாவின் தங்கை. அகதியாக வந்து, வழக்கு வென்று, எங்கள் பேஸ்மென்ட் அறையில் இருந்தார். சித்தப்பா ஊரில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர். பஸ் போய்விட்டது, அவர் வரவில்லை. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆதலால் எங்கள் வீட்டில் அவரைப் பற்றி எதுவுமே சொல்லாமல் இருப்பது என்று முடிவாகியிருந்தது. சித்தி வீட்டிலிருக்கும் நேரத்தில் அம்மா மெதுவாகத்தான் பேசுவார். நானும் தம்பியும் சத்தமாகச் சிரித்தால் கண்ணை உருட்டுவார். காய்ச்சல்காரர் படுத்திருக்கிற வீடு போல இருந்தது எங்கள் வீடு.

ஆனால் சித்தி படுத்திருக்கவில்லை. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்தார். பஸ், மெற்றோ, மறுபடி பஸ் என்று, நகரம் இருக்கிற தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவார். வரும்போது அவருடைய ஜாக்கெட்டில் குளிரும் பாணும் சேர்ந்து மணக்கும். எங்களுக்காகக் கட்டைவிரலளவு ஜாம் போத்தல்கள் கொண்டுவருவார். நானும் தம்பியும் அவற்றை யன்னலோரம் அடுக்கி வைத்திருந்தோம். வேலையில்லாத நாட்களில் பிரெஞ்சு வகுப்புக்குப் போவார். அங்கே என்ன படித்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. சித்திக்கு எதுவும் மண்டையில் ஏறாது, பாவம், மனசு அப்படி என்று அம்மா தொலைபேசியில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சித்தி முதலில் டியூலிப் கிழங்குகள் நட்டார். அணில்கள் தோண்டித் தின்றன. பிறகு செவ்வந்தி நட்டார். மர்மொத் பூவை மட்டும் கொய்து தின்றுவிட்டுத் தண்டுகளை விட்டுப்போனது. "ஒரு பூவாவது நிக்காதோ இந்த வளவிலை" என்று அவர் வெறுந் தண்டுகளைப் பார்த்துச் சொன்னது ஞாபகமிருக்கிறது. கோபமாகத்தான் சொன்னார். சித்தி கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து வீட்டு மடாம் வயதானவர், தனியாக இருந்தார். அவருடைய வளவு முழுவதும் பூ. மழைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதற்குள்தான் நிற்பார். ஒரு வசந்த காலத்தில் அவர் வேலிக்கு மேலால் கடதாசியில் சுற்றிய ஒரு கிழங்கைச் சித்தியிடம் நீட்டுவதை யன்னலால் பார்த்தேன். கொடுத்துவிட்டுக் கையை விடவில்லை. நீண்ட நேரம் ஏதோ சொன்னார். தன் வாயைக் காட்டினார், உள்ளங்கையைக் காட்டினார், விரலை ஆட்டினார். சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், இடையில் ஒரு கேள்வியும் கேட்டார். சித்திக்கு இவ்வளவு பிரெஞ்சு வருமா என்று எனக்கு ஆச்சரியம்.

அந்தக் கிழங்கை நடும்போது சித்தி பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறையைப் போட்டிருந்தார். நட்டபின் சுற்றிவரக் கல் அடுக்கி, கம்பிவலை கட்டினார். எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "இதிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது. பந்து உள்ளுக்கை விழுந்தால் என்னைக் கூப்பிடுங்கோ. விளங்கிச்சோ?" என்றார். தம்பி, "ஏன்?" என்றான். "இது என்ரை" என்றார் சித்தி. தன்னுடையது என்று அவர் எதையும் சொல்லாதவர் என்பதால் நாங்கள் அதை மதித்தோம்.

முதல் வருடம் இலை மட்டும்தான். கரட் இலையைப் பெரிதாக்கி, ஆழமாக வெட்டிவிட்டது போன்ற கரும்பச்சை இலை. ஒரு நாள் சித்தி என்னைக் குசினி யன்னலுக்குக் கைகாட்டிக் கூப்பிட்டார். மர்மொத் கம்பிவலையின் ஒரு மூலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தது. செடியைச் சுற்றிவந்தது, மணந்து பார்த்தது, மூக்கை இழுத்துக்கொண்டது. பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வேலிக்குக் கீழால் போய்விட்டது. சித்தி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பாத்தியே! இதைத்தான் ஒருத்தரும் தின்னாயினம். இது நிக்கும்!" என்றார்.

இரண்டாம் வருடம் அது நின்றது மட்டுமல்ல, உயர்ந்தது. என்னைக் கடந்து, சித்தியின் தோளைக் கடந்து வளர்ந்தது. சாயாமலிருக்கத் தம்பியின் உடைந்த ஹொக்கி மட்டையை ஊன்றிக் கட்டினார் சித்தி. செப்டெம்பர் முடியும்போது மடாமின் வளவே வாடிக் கறுத்துவிட்டது. அப்போதுதான் எங்கள் செடி பூத்தது. பேனா மை நீலம். ஒவ்வொரு பூவுக்கும் தலையில் ஒரு மூடி. "மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பிளையள் மாதிரி இல்லையோ?" என்று சித்தி கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது முக்காட்டுப் பூ. வேலையால் வந்து, ஜாக்கெட்டைக் கழற்றாமல், தேநீர்க் கோப்பையோடு அதன் முன்னால் போய் நிற்பார். உள்ளே வரும்போது முகம் தெளிந்திருக்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் வீட்டிலிருந்த பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வளவில் பூ இருக்கிறது, சாமிப்படத்துக்குப் பூ இல்லை என்பதுதான். நவராத்திரி தொடங்கியிருந்தது. அம்மா வளர்ந்த ஊரில் விடிந்ததும் தட்டோடு இறங்கினால் பூப் பறிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லையாம். வேலிக்கு மேலால் தலைநீட்டிய பூ யாருடையதானாலும் சாமியுடையது. அப்படி வளர்ந்தவருக்கு, கடையில் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்கிற பூவை வாங்கி வைப்பது பெரிய மனக்குறை. ஆகவே சித்தியிடம் கேட்டார்.

"அது சாமிக்கு ஆகாது அக்கா" என்றார் சித்தி.

"பூவிலை என்னடி ஆகிறது ஆகாதது? வடிவா நீலமாக் கிடக்கு."

"வேண்டாம் அக்கா. நான் வரேக்கை கடையிலை பூ வாங்கிக்கொண்டு வாறன்."

அம்மா விட்டுவிட்டார், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவின் அக்காவான மாமி அதைக் கேள்விப்பட்டதும், "அவள் சாமியோடை கோவிச்சுக்கொண்டு நிக்கிறாள். புருசனைத் திருப்பித் தராத சாமிக்கு நான் ஏன் பூ தருவான் எண்டு யோசிக்கிறாள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மாமிக்கு எல்லோருடைய மனதும் தெரியும். தெரியாத மனதுக்கும் விளக்கம் வைத்திருப்பார்.

சரஸ்வதி பூசை அன்று சித்திக்கு வேலை. மாமி அவலும் கடலையுமாக ஆறு கடந்து வந்திருந்தார். என் கணக்குப் புத்தகத்தையும் தம்பியின் பிரெஞ்சு வாசிப்புப் புத்தகத்தையும் படத்தின் முன் அடுக்கியாயிற்று. கடையில் வாங்கிய பூக்கள் ஓரம் கறுத்துக் கிடந்தன. அம்மா அவற்றைப் பார்த்தார், யன்னலால் வளவைப் பார்த்தார். பிறகு பித்தளைத் தட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பி வரும்போது தட்டு நிறைய நீலம். "குளிருக்கு விரலெல்லாம் விறைச்சுப்போச்சு" என்று கையை உதறிக்கொண்டே பூக்களைக் கும்பத்தில் சாத்தினார், படத்தைச் சுற்றி வைத்தார், இரண்டு மூன்றை இதழ் பிய்த்துத் தீர்த்தச் செம்புக்குள் போட்டார். உண்மையைச் சொன்னால், எங்கள் சாமியறை அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

தேவாரம் படித்து, கற்பூரம் காட்டியாயிற்று. அப்போதெல்லாம் கற்பூரப் புகைக்கு அலறாமலிருக்கப் புகைமணிக்குக் கீழே துவாயை வீசிக்கொண்டு நிற்பது என் வேலை, உங்கள் வீடுகளிலும் யாரோ நின்றிருப்பீர்கள். அம்மா தீர்த்தம் கொடுக்கத் தொடங்கினார். மூத்தவர் என்று மாமிக்கு முதலில். மாமி குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவினார். அடுத்துத் தம்பி உள்ளங்கையைக் குழித்து நீட்டினான். வாசற்கதவு திறந்தது.

சித்தியின் நெற்றியில், வேலையில் தலைமயிருக்குப் போடுகிற வலை அழுத்திய கோடு இன்னும் இருந்தது. கும்பத்தைப் பார்த்தார். சப்பாத்துக் காலோடு சாமியறைக்குள் வந்து தம்பியின் கையில் ஓங்கி அடித்தார். தீர்த்தம் கம்பளத்தில் சிதறியது.

"ஒருத்தரும் குடியாதேங்கோ! ஆர் குடிச்சது? ஆர் குடிச்சதெண்டு கேக்கிறன்!"

"நான்தான் குடிச்சனான். என்ன பிள்ளை இது, சப்பாத்தோடை சாமியிடத்திலை?" என்றார் மாமி.

"மச்சாள், அது நஞ்சு."

தம்பி வீறிட்டு அழத் தொடங்கினான். சித்தி அவனை இழுத்துக்கொண்டு போய் அவன் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், அம்மாவின் கைகளைத் தேய்த்தார். தொலைபேசியை எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த நச்சு அவசர உதவி இலக்கத்துக்கு அழைத்தார். அந்த இலக்கம் அங்கே இருந்ததை நாங்கள் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. பிறகு பிரெஞ்சில் பேசினார். திக்காமல், பதறாமல், செடியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார், மாமியின் வயதைச் சொன்னார், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் பூ கிடந்தது என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். நான் துவாயைப் பிடித்தபடி நின்று கேட்டேன். என் ஆசிரியை அதைக் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

"மச்சாள், நாக்கு விறைக்குதோ? நெஞ்சு படபடக்குதோ?"

"நீ வந்து நிண்ட கோலத்தைப் பாத்ததிலையிருந்து நெஞ்சு படபடக்குது" என்றார் மாமி. குரலில் மட்டும் வழக்கமான வீறு இல்லை.

அப்பா ஓட்ட, எல்லோரும் ஒரே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் மாமி பட்டுச்சேலைக்கு மேலால் வயர்கள் ஒட்டப்பட்டுப் படுத்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாய்த் தண்ணீர், பூவும் கொஞ்ச நேரந்தான் அதில் கிடந்தது, தப்பிவிட்டார், ஆனாலும் விடியும்வரை வைத்திருந்து பார்க்கவேண்டும் என்றார் வைத்தியர். நம் நாட்டு வைத்தியத்தில் வச்சநாவி என்று ஒரு நச்சு வேர் சொல்வார்களே, அதன் இனம்தான் இந்த முக்காட்டுப் பூ என்று நான் பிறகுதான் அறிந்தேன். வைத்தியர் போனபின் அப்பா சித்தியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். அம்மாவும் போனார். நானும் பின்னால் போனேன், என்னை யாரும் துரத்தவில்லை.

"நஞ்செண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் அத்தான். மடாம் தரேக்கையே சொன்னவ."

"தெரிஞ்சுகொண்டு ஏன் வளர்த்தனீர்?"

"வடிவெண்டு" என்றார். அப்பா அசையவில்லை என்றதும், "மற்றதெல்லாத்தையும் மர்மொத் தின்னுது. இதை மட்டும் தின்னாது. அதுதான்" என்றார்.

அம்மா சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினார். சித்தி அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். முகத்தில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. திரும்பி மாமியின் கட்டிலடிக்கே போய்விட்டார்.

எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. இங்கே வளர்ந்த நமக்கு நஞ்சென்றால் மண்டையோட்டுப் படம் போட்ட போத்தல். நம் பெற்றோருக்கு அது வேலியோரத்தில் பூத்து நின்றது. அலரி. பூவைச் சாமிக்கு வைப்பார்கள், காயைப் பற்றிப் பிள்ளைகள் முன் பேசமாட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிணற்றடி, ஒரு பெண், குரலைத் தாழ்த்திச் சொல்லுகிற ஒரு கதை இருந்தது. அம்மாவின் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படி உயிரை விட்டவர் என்று நான் தாயான பிறகுதான் அம்மா சொன்னார். ஆகவே அந்தத் தாழ்வாரத்தில் பெரியவர்கள் கூட்டிப் பார்த்தார்கள். புருசனைத் தொலைத்தவள். நஞ்சென்று தெரிந்தே வளர்த்தவள். ஒருவரையும் கிட்ட விடாதவள், சொல்லாமல் மறைத்தவள். விடை ஒன்றுதான் வந்தது. கையுறையும் கம்பிவலையும் தொலைபேசி இலக்கமும் எங்களைக் காப்பதற்காக என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. காப்பாற்றப்பட வேண்டியவள் என்று ஒருத்தியை முடிவுசெய்துவிட்டால், அவள் நம்மைக் காப்பாற்றியது கண்ணில் படாது போலிருக்கிறது.

அடுத்த நாள் அப்பா மண்வெட்டியை எடுத்தார். மடாம் வேலிக்கு அப்பால் வந்து நின்று, செடியை வேறிடத்தில் நடப்போகிறோம் என்று நினைத்து, இது சரியான காலமில்லை என்று கைகளால் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. வெறுங்கையால் தண்டைப் பிடிக்கப் போனார். அப்போது சித்தி படியிறங்கி ஓடிவந்தார். சண்டை வரும் என்று நான் பயந்தேன். சித்தி மஞ்சள் கையுறையை நீட்டினார்.

"இதைப் போட்டுக்கொண்டு பிடுங்குங்கோ அத்தான். வேரிலைதான் கூட."

அப்பா போட்டுக்கொண்டு பிடுங்கினார். சித்தி உள்ளே போய்விட்டார்.

அந்தப் பனிக்காலத்தை நான் விரும்பி நினைப்பதில்லை. குளியலறை அலுமாரியில் இருந்த மாத்திரைகள் அம்மாவின் கைப்பைக்குப் போயின. குளியலறைப் பூட்டு பழுதாகிவிட்டதென்று அப்பா கழற்றி வைத்தார், பழுதொன்றும் இல்லை. அம்மா சித்தியின் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, அவர் வந்துவிட்டாரா என்று மேற்பார்வையாளரைக் கேட்பார். என்னை, "பாவம், தனிய இருக்கிறா" என்று சொல்லிச் சித்தியின் அறையில் படுக்கவிட்டார்கள். மாமி தொலைபேசியில் விரதம் விரதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அன்பினால்தான் நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்புக்குள் சித்திக்கு மூச்சுவிட இடம் இருக்கவில்லை. வேலையால் வந்து தேநீரோடு எங்கே நிற்பதென்று தெரியாமல் குசினியில் நின்றுவிட்டுக் கீழே போவார்.

பனி கரைந்ததும் சித்தி போய்விட்டார். தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு கண்ணாடிக்கூடத்தில் நாற்று வளர்க்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே ஒரு அறையும் பார்த்துவிட்டார். "தனிய இருக்கப்போறியோ!" என்று அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஓம் அக்கா, இருக்கப்போறன்" என்றார் சித்தி. அதற்குப்பிறகு பிறந்தநாள், தைப்பொங்கல் என்று தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு சரி. அந்த உறவு அப்படியே இறுகிக் கிடந்தது.

ஊரில் போரும் எல்லாமும் முடிந்துபோன அந்த வைகாசி உங்களுக்கும் மறக்காது. அப்போது எனக்குப் பதினைந்து பதினாறு. அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே அண்ணன். அவரும் குடும்பமும் வன்னியில் கடைசிவரை உள்ளே நின்றார்கள். அவர்களைப் பற்றிய செய்தி வந்தபின் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்பா மறுபடியும் மாத்திரைகளை ஒளித்தார். நாங்கள் மறுபடியும் மெதுவாகப் பேசத் தொடங்கினோம். ஒரு மத்தியானம் நான் சித்திக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பஸ்ஸும் மெற்றோவுமாக வந்து சேர்ந்தார். அவருக்கும் அது அண்ணன்தான். கண்கள் வீங்கியிருந்தன. அப்பா வாசலிலேயே மறித்து, "ஒண்டும் கேட்டுப்போடாதையும், அவ தாங்கமாட்டா" என்றார். சித்தி அவரைத் தாண்டிப் போய் சோபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அம்மாவின் முதுகில் கையை வைத்தார்.

"அக்கா, சாவமெண்டு யோசிக்கிறியோ?"

"என்ன கேள்வி கேக்கிறீர்!" என்று அப்பா பதறினார். சித்தி திரும்பாமலே கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நான் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"ஓம்" என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

சித்தி கையை எடுக்கவில்லை. "நானும் யோசிச்சனான். வந்த முதல் பனிக்காலம் முழுக்க, கீழை அந்த அறையிலை இருந்துகொண்டு."

அம்மா மெல்லத் திரும்பினார். "அப்ப அந்தச் செடி..."

"செடி வைச்சது அந்த எண்ணத்தை விட்ட பிறகு அக்கா. அடுத்த வருசம் பூக்குமெண்டு நம்பி ஆராவது சாகிறதுக்கெண்டு செடி வைப்பினமோ?"

"நீ ஏன்டி எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாத்தையும் ஒளிச்சியள், பூட்டைக் கழட்டினியள், பிள்ளையைக் காவலுக்கு விட்டியள். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை." சித்தி அக்காவின் முகத்தில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டார். "நான் உன்னட்டைக் கேட்டிட்டன். இப்ப சொல்லு, நான் இருக்கிறன்."

அம்மா எழும்பி இருந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எங்கள் எல்லோர் முன்னாலும், சொல்லத் தொடங்கினார்.